ஏ-பிளான் விலையில் ஒரு கார்

அமெரிக்காவில் ஃபோர்டு ஊழியர் ஃபோர்டு கார் வாங்கினாலும் கம்பெனியிடம் வாங்குவதில்லை, டீலரிடம்தான் வாங்குகிறார். டீலர் தனி முதலாளி. கம்பெனியிடமிருந்து காரை மொத்த விலைக்கு எடுத்து, தன் இடத்தில் நிறுத்தி, அதற்கு வட்டி கட்டி, தன் லாபத்துக்கு விற்பவர். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் போன்ற பழைய கம்பெனிகள் டீலரைத் தாண்டி நேரடியாக விற்பதை மிச்சிகன் உட்படப் பல மாநிலச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே ஊழியர் சலுகை என்பது, கம்பெனி தன் ஆளுக்காக இன்னொருவர் கடையில் விலையைக் குறைக்கவைக்கும் ஏற்பாடு. அதன் நெளிவு சுளிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

டெட்ராயிட் வட்டாரத்தில் இதற்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெயர். ஃபோர்டில் பணியில் இருப்பவர்களுக்கு ஏ-பிளான், ஓய்வு பெற்றவர்களுக்கு இசட்-பிளான், டீலர்ஷிப்பில் வேலை செய்பவர்களுக்கு டி-பிளான், சப்ளையர் கம்பெனி ஆட்களுக்கும் ஊழியரின் நண்பர்களுக்கும் எக்ஸ்-பிளான். ஜெனரல் மோட்டார்ஸில் ஊழியர் விலை, சப்ளையர் விலை என்று இரண்டு வரிசை. ஊழியர் விலையைப் பழைய ஆட்கள் இன்னும் ‘ஜிஎம்எஸ்’ என்பார்கள். கிரைஸ்லர், இன்று ஸ்டெல்லாண்டிஸ் என்ற பெரிய குழுமத்துக்குள் போய்விட்டாலும், ஊழியர், நண்பர், இணை நிறுவனம் என்ற தன் பழைய பிரிவுகளை விடவில்லை. பெயர்கள் வேறானாலும் அடுக்கு ஒன்றே: உள்ளே இருப்பவருக்கு மிகக் குறைந்த விலை, வாசலில் நிற்பவருக்கு அதற்கு மேல் ஒரு விலை, தெருவில் போகிறவருக்குப் பேரம்.

தன் கம்பெனி காரைத் தொழிலாளியே வாங்குவது பற்றி டெட்ராயிட்டில் ஒரு பழங்கதை உண்டு. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கியது, தொழிலாளிகள் மாடல் டி காரை வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முந்தைய ஆண்டு அவருடைய தொழிற்சாலையில் ஆட்கள் வந்து விலகிய விகிதம் 370 சதவீதம். ஓடும் அசெம்பிளி வரிசைக்கு முன்னால் ஆட்களை நிற்கவைக்கத்தான் அந்தச் சம்பளம் தேவைப்பட்டது; கார் வாங்கியது பின்விளைவு. இன்றைய ஊழியர் சலுகையிலும் கம்பெனியின் கணக்கு இதே மாதிரிதான். தாராள மனம் கொஞ்சம், தன் ஊர்த் தெருக்களில் தன் காரே ஓட வேண்டும் என்ற எண்ணம் மிச்சம். டியர்பார்னில் ஃபோர்டு வளாகத்து வாகன நிறுத்துமிடத்தில் வேறு கம்பெனிக் காரை நிறுத்துகிற புது ஊழியருக்கு யாரும் அபராதம் போடுவதில்லை. மதியச் சாப்பாட்டில் நாலு பேர் கேட்பார்கள், அது போதும்.

சலுகை விலை எங்கே உட்காருகிறது என்று புரிய, ஒரு புதுக் காரின் மேல் எத்தனை விலைகள் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் விலை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் இது ஒட்டப்பட வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மன்ரோனியின் பெயரால் அந்தத் தாளையே ‘மன்ரோனி’ என்கிறார்கள். இரண்டாவது, டீலருக்குக் கம்பெனி போடும் இன்வாய்ஸ். இது வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்காக அச்சிடப்பட்டதல்ல. மூன்றாவது எந்தத் தாளிலும் விலையாக நிற்காது. இன்வாய்ஸில் சேர்த்து வாங்கிக்கொண்ட ஒரு தொகையைக் கம்பெனி பின்னால் டீலருக்குத் திருப்பித் தரும். ‘ஹோல்ட்பேக்’ என்ற இது அமெரிக்கக் கம்பெனிகளில் வழக்கமாக ஸ்டிக்கர் விலையில் 3 சதவீத அளவு. “இன்வாய்ஸுக்கே தருகிறேன், எனக்கு ஒரு காசு மிஞ்சாது” என்று டீலர் கையை விரிக்கும்போது அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

ஃபோர்டு இன்வாய்ஸின் அடிப்பகுதியில் பிளான் விலைகள் தனித்தனி வரிகளாக அச்சாகியிருக்கும். அங்கே பேரத்துக்கு இடமில்லை. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே, ஏ-பிளான்காரருக்கு இன்ன விலை, எக்ஸ்-பிளான்காரருக்கு இன்ன விலை என்று முடிவாகிவிட்டது. பொதுவாக எக்ஸ்-பிளான் இன்வாய்ஸை ஒட்டி நிற்கும். ஏ-பிளான் அதற்கும் கீழே இறங்கும். இன்வாய்ஸுக்குக் கீழே விற்றுவிட்டு டீலர் எப்படிப் பிழைப்பார் என்றால், பிளான் விற்பனை ஒவ்வொன்றுக்கும் கம்பெனி ஒரு தொகையை அவர் கணக்கில் வரவு வைக்கிறது. பெரிய லாபம் இல்லை, ஆனால் நிச்சயமான லாபம். டெட்ராயிட்டின் கார்க் கம்பெனி ஊர்களான டியர்பார்ன், வாரன், ஆபர்ன் ஹில்ஸ் சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கிற வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பிளான் எண்ணோடு வருவதால், அங்குள்ள டீலர்கள் எண்ணிக்கையில் சம்பாதிக்கக் கற்றுக்கொண்டவர்கள். டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ அதே எண்ணைக் காட்டினால் சில விற்பனையாளர்கள் முகம் சுருங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை மட்டும் எந்தப் பிளானும் தொடாது. தொழிற்சாலையிலிருந்து டீலர் வாசல் வரை வண்டியைக் கொண்டுவரும் கட்டணம், ஊழியருக்கும் முழுசாகத்தான். ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையில் அசெம்பிள் ஆன எஃப்-150 பிக்கப் வண்டியை அங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் டீலரிடம் வாங்குகிறவரும், தொலைவில் கலிபோர்னியாவில் வாங்குகிறவரும் அதே தொகையைத் தருகிறார்கள். தினமும் அந்த ஆலை வாசலைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஆறாத எரிச்சல். எல்லா வண்டிகளுக்கும் பிளான் உண்டு என்பதும் இல்லை. முன்பு வந்த ஃபோர்டு ஜிடி, ஷெல்பி வகை மஸ்டாங் போல வாங்க ஆள் வரிசையில் நிற்கும் வண்டிகளைக் கம்பெனிகள் சலுகைக்கு வெளியே வைத்துவிடும். தானாக விற்பதைக் குறைத்து விற்க யாருக்கும் மனம் வராது.

யாருக்கு எந்த விலை என்பதைக் காட்டுவது ஓர் எண். ஃபோர்டில் அதற்குப் பெயர் பின். ஊழியர் கம்பெனி இணையதளத்தில் நுழைந்து, வாங்கப் போகிறவர் பெயரைப் போட்டு அதை எடுக்கிறார். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குடும்பத்தினர் பலர் ஊழியர் விலைக்குள்ளேயே வருகிறார்கள். உறவுப் பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், காலத்துக்குக் காலம் நீளும் சுருங்கும். நண்பர்களுக்குத் தர ஆண்டுக்கு இத்தனை என்று அளவு வைத்த எண்கள் தனி. டீலர் அந்த எண்ணையும் அடையாள அட்டையையும் உறவையும் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். கம்பெனியின் தணிக்கை ஆட்கள் பின்னால் வந்து கோப்பைத் திறந்து பார்க்கையில் உறவு பொருந்தாவிட்டால், கொடுத்த சலுகையை டீலர் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். விற்பனை மேசையில் “அவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்கும் குரலில் ஒரு கண்டிப்பு இருப்பது அதனால்தான்.

மிச்சிகனில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் கார்த் துறைப் பொறியாளர்கள். ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் ஊர்களில் வசிப்பவர்கள். அவர்களில் கணிசமானோர் கார்க் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனம் வழியாகவோ, சீட்டு முதல் சென்சார் வரை செய்து தரும் சப்ளையரிடமோ இருப்பவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்க்கிற இருவரில் ஒருவருக்கு ஏ-பிளான், மற்றவருக்கு எக்ஸ்-பிளான். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தில் உள்ள வித்தியாசம், கார் வாங்கப் போகும்போது டாலரில் தெரியும். ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன ஒருவர் கேன்டீனில் மூத்தவரிடம் பேச்சுக் கொடுப்பது வழக்கமாக இப்படித்தான் போகும்:

“அண்ணா, உங்க ஏ-பிளான் நம்பர் ஒண்ணு கிடைக்குமா?”

“அது வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான்ப்பா. எக்ஸ்-பிளான் வேணும்னா எடுத்துத் தரேன். ஆனா உங்க கம்பெனியே சப்ளையர் லிஸ்ட்ல இருக்கும், முதல்ல உங்க ஹெச்.ஆர்.ல கேளுங்க. என் நம்பர் மிச்சமாகும்.”

“சித்தப்பா பையன்னு போட்டா…?”

“போட்டா உங்களுக்குக் கார் வரும், எனக்கு மெமோ வரும்.”

மூத்தவர் மிகைப்படுத்தவில்லை. எண்ணைக் காசுக்கு விற்பதும், பொய் உறவு காட்டுவதும் சலுகையை ரத்து செய்யப் போதுமான காரணங்கள். வேலைக்கும் ஆபத்து வரலாம். வாங்கிய வண்டியை உடனே விற்று லாபம் பார்ப்பதற்கும் தடை உண்டு. குறிப்பிட்ட காலம் தன் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ வைத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும்.

எண் கையில் வந்தபின் டீலரிடம் போகிறவர், ‘ஃபிக்ஸட் ரேட்’ பலகை மாட்டிய ஜவுளிக்கடையில் நுழைந்தவரின் நிம்மதியோடு போகிறார். அந்த நிம்மதி பாதிதான் நியாயம். பிளான் கட்டிப்போடுவது ஒரே ஓர் எண்ணை: புதுக் காரின் விலையை. பழைய காருக்கு டீலர் தரும் விலை, கடன் வட்டி, கூடுதல் வாரன்டி, டீலர் தானாகப் பொருத்திய பொருட்கள் ஆகிய எதையும் அது கட்டுவதில்லை. விலையில் பேரம் இல்லை என்றதும் பேரம் ஒழிந்துவிடுவதில்லை. அடுத்த மேசைக்கு நகர்கிறது.

பழைய காரில் இதை நன்றாகப் பார்க்கலாம். 45,500 டாலர் பிளான் விலையில் புது வண்டி பேசி முடிந்ததும், விற்பனையாளர் பழைய காரின் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். திரும்பி வரும்போது 11,000 என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவார். வேறு இரண்டு இடங்களில் முன்கூட்டியே விலை கேட்டுவைத்தவருக்கு அது 13,000 பெறும் என்று தெரியும். கேட்காதவருக்குத் தெரியாது, ஏ-பிளானில் மிச்சம் பிடித்ததில் 2,000 டாலர் அந்தத் தாளிலேயே போய்விடும். அந்த நேரத்தில் வாங்குகிறவர் புதுக் காரின் விலைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருப்பார். மிச்சிகனில் பழைய காரை டீலரிடமே கொடுத்தால் அதன் மதிப்பில் ஒரு வரம்பு வரை 6 சதவீத விற்பனை வரி கழியும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான், வெளியில் விற்பதா இங்கேயே தருவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது கடன் அறை. வாரன்டி நீட்டிப்பு, விபத்தில் வண்டி முழுசாகப் போனால் கடன் பாக்கியை ஈடுகட்டும் காப்பீடு, பெயின்ட் பூச்சு, டயர் பாதுகாப்பு எல்லாம் மாதத் தவணையில் “பதினெட்டு டாலர்தான் கூடுதல்” என்ற பாணியில் வந்து ஒட்டும் இடம் அது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஊழியர்களுக்குக் கம்பெனியின் வாரன்டி நீட்டிப்பிலும் தனிச் சலுகை விலை உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். ஆவணக் கட்டணத்தில் மட்டும் பிளான் உதவும்: மாநிலச் சட்டம் விதித்த உச்சவரம்புக்கும் கீழே, ஃபோர்டின் பிளான் விதிகள் அதைப் பல ஆண்டுகளாக 100 டாலர் அளவில் நிறுத்தியிருந்தன. கண்ணாடிக்குச் சாயம், சக்கரத்துக்கு விசேஷ நட்டு என்று முன்பே பொருத்தி விலை போட்டு வைத்திருக்கும் வண்டியைக் காட்டினால், அவை இல்லாத வேறு வண்டி கேட்பதே நல்லது. இல்லையென்றால் புதிதாக ஆர்டர் கொடுக்கலாம். பிளான் விலை பெரும்பாலும் ஆர்டருக்கும் செல்லும். வண்டி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

ரிபேட் என்பது இதன்மேல் வரும் தனிக் கழிவு. ஊருக்கெல்லாம் கம்பெனி அறிவிக்கும் ரிபேட்டுகளில் பெரும்பாலானவை பிளான் விலையிலிருந்தும் கழியும். ஆனால் ரிபேட்டா, வட்டியில்லாக் கடனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற ரொக்கத்தைப் பிடித்துக்கொள்வது பலர் வழக்கம். 45,500 டாலர் வண்டிக்கு 3,000 ரிபேட் கிடைக்கிறது, மீதி 42,500 டாலரை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் 60 மாதத் தவணையில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், மாதம் 822 டாலர் அளவில் மொத்தம் சுமார் 49,300 ஆகும். ரிபேட்டை விட்டுவிட்டு வட்டியில்லாமல் எடுத்தால் மாதம் 758, மொத்தம் 45,500. காகிதத்தில் ஒருமுறை பெருக்கிப் பார்த்தவர் ரொக்கத்தைத் தொடமாட்டார்.

நேரமும் ஒரு விஷயம். மாதக் கடைசியில் டீலருக்கு எண்ணிக்கை இலக்கு இருப்பதால், பிளான் விலையை மாற்ற முடியாவிட்டாலும் பழைய காரின் மதிப்பில் தாராளம் வரும். புதிதாகக் குடியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கார் பார்க்கக் கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் டெட்ராயிட்டில் சகஜம். மக்கள்தொகை 1,30,000க்கு மேற்பட்ட மாவட்டங்களில் ஞாயிறன்று கார் விற்பதை 1953ஆம் ஆண்டு மிச்சிகன் சட்டம் ஒன்று தடுக்கிறது. விற்பனையாளர்கள் அருகில் வராமல் நிதானமாக ஸ்டிக்கர்களைப் படிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று அனுபவஸ்தர்கள் ஞாயிறன்றுதான் போவார்கள்.

டெட்ராயிட் ஊழியர்களில் பலர் காரை வாங்குவதே இல்லை, லீஸுக்கு எடுக்கிறார்கள். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். தன் கம்பெனியின் புது மாடலை ஓட்ட வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கில் இருக்கிறது. லீஸ் முடியும்போது வண்டி என்ன பெறும் என்ற மீதி மதிப்பை ஸ்டிக்கர் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் போடுவார்கள். ஊழியர் தருவதோ பிளான் விலை. மேலே உள்ள எண் குறைகிறது, கீழே உள்ள எண் அப்படியே நிற்கிறது. ஊழியர் கட்ட வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள தேய்மானமும் வட்டியும் மட்டும்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஸ்டிக்கர் விலை 50,000 டாலர், மூன்று ஆண்டு கழித்து மீதி மதிப்பு 58 சதவீதம், அதாவது 29,000 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கர் விலைக்கே எடுப்பவர் 21,000 டாலர் தேய்மானத்தை 36 மாதத்தில் கட்டுகிறார்: மாதம் 583. ஏ-பிளான் 45,500 என்றால் தேய்மானம் 16,500: மாதம் 458. லீஸ் வட்டியை ‘மணி ஃபாக்டர்’ என்ற சிறு பின்னமாகச் சொல்வார்கள். அதை 2,400ஆல் பெருக்கினால் பழகிய ஆண்டு வட்டி கிடைக்கும். 0.0025 என்றால் 6 சதவீதம். அந்தப் பின்னத்தை விலையும் மீதி மதிப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்கினால் மாத வட்டி: ஸ்டிக்கர்காரருக்கு 197.50, ஏ-பிளான்காரருக்கு 186.25. வரிக்கு முன் மொத்தத் தவணை முன்னவருக்கு 781, பின்னவருக்கு 645. விலையில் 9 சதவீதம் குறைந்தது, தவணையில் 17 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. மூன்று ஆண்டில் மிச்சம் சுமார் 4,900 டாலர். அதாவது சலுகையாகக் கிடைத்த 4,500ஐயும் தாண்டி. ஊழியர் விலையின் முழு ருசி லீஸில்தான் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். விற்பனையாளர் சொல்லும் மணி ஃபாக்டரைக் குறித்துக்கொண்டு வீட்டில் பெருக்கிப் பார்க்காதவருக்கு இந்த ருசியில் ஒரு பங்கு போய்விடும். கடன் நிறுவனம் அனுமதித்த பின்னத்துக்கு மேல் டீலர் சிறிது ஏற்றிவைக்க இடம் உண்டு.

மேலாளர் நிலையில் உள்ளவர்களுக்குக் கம்பெனியே வண்டி கொடுத்து, காப்பீடு பராமரிப்பு உட்பட ஒரு தொகையைச் சம்பளத்தில் பிடிக்கும் தனித் திட்டங்களும் உண்டு. வாகனக் காப்பீட்டுக் கட்டணம் நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் மிச்சிகனும் ஒன்று என்பதால், காப்பீடும் சேர்ந்தது என்ற அந்தச் சொல் ஒன்றே பலருக்குப் பதவி உயர்வின் இனிப்பு.

வரித்துறை இதை எப்படிப் பார்க்கிறது? முதலாளி தரும் எந்தச் சலுகையும் வருமானம்தான் என்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் பொது விதி. விலக்குத் தருவது அதன் 132ஆம் பிரிவு. கம்பெனி வழக்கமாக வாடிக்கையாளருக்கு விற்கும் பொருளை ஊழியருக்குக் குறைத்துக் கொடுத்தால், அந்தக் குறைப்பு கம்பெனியின் மொத்த லாப விகிதத்தைத் தாண்டாத வரை வரி இல்லை. மனைவி அல்லது கணவன், சார்ந்திருக்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரையும் அந்தப் பிரிவு ஊழியராகவே எண்ணுகிறது. சொந்தமாகச் சம்பாதிக்கும் அண்ணன் தம்பியும் மாமனார் மாமியாரும் அதன் சொற்களுக்குள் வருவதில்லை. கம்பெனியின் உறவுப் பட்டியல் ஒன்று, அரசின் உறவுப் பட்டியல் வேறு.

ஊழியர் விலைதான் எப்போதும் மிகக் குறைந்த விலை என்று நினைப்பது தவறு. அடுத்த ஆண்டு மாடல் வந்து இறங்கிய பிறகும் பழைய மாடல் வளாகத்தில் நின்றால், டீலர் அதை நகர்த்தியாக வேண்டும். கம்பெனியும் டீலருக்குத் தனியாகப் பணம் கொடுத்து நகர்த்தச் சொல்லும். அப்போது பிளான் இல்லாத, பேரம் தெரிந்த ஒருவர் ஏ-பிளானுக்குக் கீழேயே வாங்கிப் போவது உண்டு. பின் எண்ணைக் கடைசியாக நீட்டுவதே கெட்டிக்காரத்தனம்: முதலில் ‘எண் இல்லாமல் என்ன விலை’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு எண்ணைக் காட்டி, எது குறைவோ அதை எடுக்கலாம். இதற்கு நேர்மாறும் நடந்தது. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் வளாகங்கள் காலியானபோது, ஸ்டிக்கருக்கு மேலேயே விலை வைத்து விற்ற டீலர்கள் பிளான் எண்ணோடு வந்தவர்களைத் தட்டிக்கழித்தார்கள். “வண்டி இல்லை” என்பார்கள். மறுநாள் அதே வண்டி வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கும். பிளான் விலைக்கு மேல் பிளானில் விற்கக் கூடாது என்ற விதி இருந்தது. பிளானில் விற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வழி கம்பெனியிடம் இல்லை. தன் கையால் செய்த வண்டியைத் தனக்கு விற்க மறுக்கிறார்கள் என்று ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். இன்னொருவர் கடை என்பது அப்போது பலருக்கு நன்றாக உறைத்தது.

ஊழியர் விலைமீது ஊழியர் அல்லாதவர்களுக்கு உள்ள மயக்கத்தைக் கம்பெனிகளும் அறியும். 2005 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஊழியர் விலையை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது. அந்த ஒரு மாத விற்பனை முந்தைய ஆண்டு ஜூனைவிட 41 சதவீதம் ஏறியது. ஜூலையில் ஃபோர்டும் கிரைஸ்லரும் பின்தொடர்ந்தன. கிரைஸ்லர், எண்பது வயதான தன் முன்னாள் தலைவர் லீ அயகோகாவை விளம்பரத்துக்குக் கூட்டிவந்து, ராப் பாடகர் ஸ்னூப் டாக்குடன் கால்ஃப் வண்டியில் உட்காரவைத்தது. பிறகு மெகன் பஸ், டங்கன் சைமஸ்டர், ஃப்ளோரியன் ஸெட்டல்மேயர் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் அந்த மாதங்களின் உண்மையான விற்பனை விலைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். பல மாடல்களில், திட்டத்துக்கு முந்தைய வாரங்களில் ரிபேட்டும் பேரமும் சேர்ந்து கிடைத்த விலையைவிட ‘ஊழியர் விலை’ அதிகமாகவே இருந்தது. மக்கள் கூடுதல் விலை கொடுத்தும் முண்டியடித்துக்கொண்டு வாங்கியிருந்தார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தரும் விலையைவிடக் குறைவான விலை இருக்க முடியாது என்ற நம்பிக்கை, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நிறுத்திவிட்டது. வருங்கால வாடிக்கையாளர்களையும் சேர்த்து அந்தக் கோடையிலேயே இழுத்துக்கொண்டதால் இலையுதிர் காலத்தில் விற்பனை சரிந்தது. அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் நஷ்டம் 1,000 கோடி டாலருக்கு மேல். அதற்குச் சலுகை மட்டும் காரணமல்ல, ஆனால் சலுகை அதைத் தடுக்கவும் இல்லை.

இருபது ஆண்டு கழித்து, 2025 ஏப்ரல் 3 அன்று இறக்குமதிக் கார்கள்மீது 25 சதவீத வரி அமலான அதே நாளில், ஃபோர்டு மீண்டும் ஏ-பிளானை எல்லோருக்கும் திறந்தது. ஸ்டெல்லாண்டிஸும் பின்னாலேயே வந்தது. ராப்டர், சூப்பர் டியூட்டி போன்ற வண்டிகளை ஃபோர்டு வெளியே நிறுத்திவைத்தது. திட்டம் ஜூலை முதல் வாரம்வரை நீண்டது. அந்த மாதங்களில் நிஜ ஊழியர்களுக்குச் சங்கடமான ஒரு சமத்துவம்: கேன்டீனில் எண் கேட்டு யாரும் வரவில்லை, டீலரிடம் போனால் அவர்கள் கூட்டத்தில் ஒருவர். விதிகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் என்பதால், பொதுச் சலுகையா சொந்த ஏ-பிளானா என்று இரண்டையும் அருகருகே எழுதவைத்துப் பார்த்தவர்கள்தான் சரியானதை எடுத்தார்கள்.

வேலை முடிந்தபின் சலுகை என்னாகும் என்பது, விலகுகிற விதத்தைப் பொறுத்தது. ஓய்வுபெற்றுப் போகிறவர் ஃபோர்டில் இசட்-பிளானுக்கு மாறுகிறார். விலை ஏ-பிளான் விலைதான். ராஜினாமா செய்து வேறு கம்பெனிக்குப் போகிறவருக்கு எண் அத்தோடு நின்றுவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லீஸ் ஒப்பந்தம் அதன் கெடு வரை செல்லும். புது இடம் சப்ளையர் கம்பெனியாக இருந்தால் எக்ஸ்-பிளானில் மறுபடி உள்ளே வரலாம். ஆட்குறைப்பு வதந்தி கிளம்பும் மாதங்களில், லீஸ் முடிய இன்னும் நாள் இருந்தாலும் அவசரமாக எண் எடுத்து அடுத்த வண்டிக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எண்ணுக்குக் காலாவதி உண்டு, ஆர்டர் வண்டி வரத் தாமதமும் உண்டு. டெலிவரி எடுக்கும் நாளில் தகுதி இருக்க வேண்டுமா, எண் எடுத்த நாளில் இருந்தால் போதுமா என்பதை ஆர்டரில் கையெழுத்திடும் முன்பே கம்பெனியின் பிளான் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம்.